விவிலிய வாக்கியமொன்றின் பொருட்போர்

நூல்களுக்கு உரைகாணப் புகுவார் முதற்கண் துணிய வேண்டுவது, ஒரு சொல்லை அதன் செம்பொருளிலே கொள்வதா, இலக்கணையாற் பிறிதொரு பொருளுக்கு ஏற்றுவதா என்பதேயாம். கிறித்தவரது விவிலிய நூலைப் பற்றி இவ்வினா எழும்போது, உலகம் ஆறு நாளிற் படைக்கப்பட்டதென்னும் பகுதியையே பலரும் எடுத்துக்கொள்வர். அப்பகுதியில் வழக்கு அத்துணைக் கடுமையானதன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீன் என்னும் பேராசிரியர், படைப்புப் பகுதிக்குத் தாம் வரைந்த உரைக்கு 'நேர்ப்பொருளுரை' என்று பெயரிட்டு வைத்தும், அதனுள்ளேயே அந்நாட்கள் நாம் காணும் ஞாயிற்றுநாட்கள் அல்ல என்று கொண்டார். அதனால் அவரைச் சபையினின்று விலக்கினார் ஒருவருமிலர். உயிரைப் பணயம் வைத்தும் விட்டுக்கொடாத வழக்கு வேறொன்றுண்டு. அது சிறியதொரு வாக்கியத்தைப் பற்றியது.

இயேசு தாம் கொலையுண்பதற்கு முந்திய இரவிற் சீடரோடு பந்தியிருந்தபோது, அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்து, அதனைத் தம் உடலென்று கூறினார் என்று சுவிசேட நூல்கள் கூறும். கிரேக்க மூலத்தில் அவ்வாக்கியத்துள் ஒரு சுட்டுச்சொல்லும், 'எஸ்தின்' என்னும் இருத்தல்வினையும், உடலென்னும் பெயரும், 'என்னுடைய' என்னும் உடைமைச்சொல்லுமே உள. அவற்றுள் அருஞ்சொல் யாதுமில்லை. உரோமைச் சபையார் இதனைச் செம்பொருளிற் கொண்டு, அப்பத்தின் நிறமும் சுவையும் நிற்க அதன் உட்பொருள் உடலாய் மாறுகின்றதென்று 1215-ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கத்தில் உறுதிசெய்தனர். பின்னர் மார்ட்டின் லூதர் முதலியோர் உரோமையினின்று பிரிந்தபோது, பிரிந்தவர்க்குள்ளேயே இவ்வாக்கியம் பெரும்பிளவை உண்டாக்கிற்று.

உருவகப்பொருள் கொண்டோர் மூவர். மூவரும் ஒரு முடிபினரே. ஆயினும் ஒவ்வொருவரும் வெவ்வேறு சொல்லின்மேல் இலக்கணையை ஏற்றினர். கார்ல்ஷ்டாட் என்பார் சுட்டுச்சொல்லைப் பற்றினார். கிரேக்கத்தில் அப்பத்தின் பெயர் ஆண்பால். சுட்டு அஃறிணை போன்ற மூன்றாம் பாலில் நிற்கின்றது. உடலின் பெயரும் அப்பாலதே. ஆகவே இயேசு அப்பத்தைச் சுட்டாது தம் மார்பையே சுட்டினார் என்பது அவர் கருத்து. இது நயமுடையதுபோற் றோன்றினும் நில்லாது. பயனிலையின் பாலைச் சுட்டு ஏற்பது கிரேக்க வழக்கேயாம். அன்றியும், அப்பத்தைக் கையிற் கொடுத்து உண்மின் என்றவர் இடையே தம் மார்பைச் சுட்டினாரெனின் முன்னும் பின்னும் இயையாது.

சூரிச் நகரத்துப் போதகராகிய உல்ரிச் ஸ்விங்லி வினைச்சொல்லைப் பற்றினார். ஒல்லாந்து நாட்டு ஊன் என்பாரது நிருபமொன்றைக் கற்று, இருத்தல்வினைக்கு ஈண்டுக் 'குறித்தல்' என்பதே பொருளென்று துணிந்தார். இயேசு தம்மைத் திராட்சைக்கொடி என்றமையும், பார்வோன் கனவில் வந்த ஏழு பசுக்களை யோசேப்பு ஏழு ஆண்டுகள் என்றமையும் அவர் காட்டிய மேற்கோள்கள். பாசல் நகரத்து எகொலம்பாடியுஸ் வினையை விடுத்துப் பெயரைப் பற்றினார். உடல் என்பது உடலின் அடையாளத்துக்கு ஆகிவந்ததென்று, பழைய ஆசிரியரான தெர்த்துல்லியனது ஆட்சியைத் துணைக்கொண்டு கூறினார்.

இம்மூவருள் இலக்கணம் வல்லார் எகொலம்பாடியுஸே என்னலாம். என்னை? ஒருவனைச் சிங்கமென்றவிடத்து உருவகம் சிங்கமென்னும் பெயரின்கண் உளதேயன்றி, அவனையும் அதனையும் இயைக்கும் சொல்லின்கண் இல்லை. திராட்சைக்கொடி என்ற இடத்தும் அஃதே. இக்குற்றத்தை லூதரே ஸ்விங்லிக்கு எடுத்துக்காட்டினார் என்பது அறியத்தக்கது. பசுக்களின் மேற்கோள் மட்டும் ஓரளவு ஸ்விங்லியின் பக்கம் நிற்கும். ஆயினும் கனவிற் கண்டதற்குப் பயன்கூறும் வாக்கியமும், உண்பார்க்கு உணவு கொடுத்துக் கூறும் வாக்கியமும் ஒருதன்மையன அல்ல.

இனி, இலக்கணைக்கு இடம் எப்போது வாய்க்கும் என்பது ஆராயற்பாலது. கங்கையின்கண் இடைச்சேரி என்றவழி, நீரோட்டத்தில் வீடு நில்லாதாகலின், கங்கையென்பது கரையை உணர்த்திற்று. செம்பொருளுக்குத் தடை நேர்ந்தாலன்றி இலக்கணைக்குப் போதல் கூடாது. அகஸ்தீனும் இதனோடொத்த விதியொன்று வகுத்தார்: நல்லொழுக்கத்தோடும் மெய்ந்நம்பிக்கையோடும் பொருந்தாது நிற்கும் கூற்றை உருவகமென்று கொள்க என்பது அது. தம் ஊனை உண்ணுமாறு இயேசு பிறிதோரிடத்துக் கூறியதையே அவர் அதற்கு எடுத்துக்காட்டாக்கினார். ஊனுண்டல் கொடுஞ்செயலாகலின் அஃது உருவகமென்றார். இவ்விதியின் நலமும் தீங்கும் ஒருங்கே தோன்றுகின்றன. தடை யாதென்பதை நூலே காட்டுமோ, படிப்பவனது முன்கொள்கை காட்டுமோ? பின்னது எனின், எவனும் தனக்கு ஒவ்வாததையெல்லாம் உருவகமென்று தள்ளிவிடலாம். லூதர் அஞ்சியது இதனையே. ஒரு வாக்கியத்தை இங்ஙனம் நெகிழவிட்டால் ஏனை வாக்கியங்கள் எவ்வாறு நிற்கும் என்பது அவர் வினா. அதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது.

எசே நாட்டுத் தலைவனாகிய பிலிப்பு என்பான், பேரரசன் ஐந்தாம் சார்லசுக்கு எதிராகச் சீர்திருத்தக்காரரை ஒன்றுசேர்க்க விரும்பி, 1529-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் றன் மார்பர்க் கோட்டைக்கு இருதிறத்தாரையும் அழைத்தான். வாதம் தொடங்குமுன் லூதர் சுண்ணக்கட்டியெடுத்து அவ்வாக்கியத்தின் இலத்தீன் வடிவை மேசையின்மேல் எழுதி, விரிப்பால் மூடிவைத்தார். வேண்டியபோது விரிப்பை நீக்கி எழுத்தையே விடையாகக் காட்டினார். ஸ்விங்லி யோவான் சுவிசேடத்தின் ஆறாம் அதிகாரத்தைப் பற்றிக்கொண்டு, ஊனாற் பயனில்லை என்னும் கருத்துடைய பகுதி லூதரின் கழுத்தை முறிக்குமென்றார். லூதர் சினந்து, இது எசே நாடு, சுவிட்சர் நாடன்று, இங்கே கழுத்துக்கள் அவ்வளவு எளிதில் முறியா என்றார். அது தம் நாட்டு வழக்கு மொழியென்றும், தோல்வியுறுவான் என்பதே அதன் பொருளென்றும் ஸ்விங்லி விளக்கி அமைதி கூற வேண்டியதாயிற்று. செம்பொருளா உருவகமா என்று வழக்காடிய அவையிலேயே இது நிகழ்ந்ததை எண்ணுங்கால் நகையுண்டாகின்றது.

அதனினும் வியப்பானது மற்றொன்று. இயேசுவின் உடல் விண்ணேறிக் கடவுளின் வலப்பக்கத்தே இருக்கின்றதாகலின், அஃது ஈண்டு அப்பத்தில் இருத்தல் கூடாது என்பது ஸ்விங்லி காட்டிய தடை. லூதரோ, கடவுளின் வலக்கை ஓரிடமன்று, எங்கும் நிறைந்த அவரது ஆற்றலே அது என்றார். அப்பத்தின்கண் உருவகம் கொண்டவர் வலக்கையிற் செம்பொருளும், அப்பத்தின்கண் செம்பொருள் கொண்டவர் வலக்கையில் உருவகமும் கொண்டனர். வாக்கியந்தோறும் ஒரே முறையைப் பற்றினார் இருவருள் ஒருவருமிலர்.

மேலும், லூதரது செம்பொருள்தானும் முற்றிலும் செம்பொருளன்று. உரோமையார் கூறிய மாற்றத்தை அவர் ஒப்பவில்லை. அப்பம் அப்பமாகவே நிற்க, அதனோடு உடலும் உளதென்றார். 1528-ஆம் ஆண்டு இராப்போசனத்தைப் பற்றி எழுதிய நூலில், பணப்பையைச் சுட்டி இது நூறு பொன் என்று கூறுதலை அவர் ஒப்புமை காட்டுகின்றார். பாற்குடத்தைச் சுட்டி 'இது பால்' என்பது நம்மவர் வழக்கு. பாலை அடுப்பினின்று இறக்கு என்றவிடத்துப் பாலென்பது கலத்தையும் உட்கொண்டு நிற்றலைத் தமிழிலக்கணம் கற்றார் தானியாகுபெயரென்பர். ஆகவே எகொலம்பாடியுஸ் கொண்டது தன்பொருளை விட்ட இலக்கணை. லூதர் கொண்டது விடாத இலக்கணை. சுண்ணத்தால் எழுதிய எழுத்து ஒன்றே; அதனின்று அவரும் ஓரடி விலகியே நின்றார். இதனை அவர் எதிரிகள் மேலும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

இயேசு பேசியது அரமேய மொழி. அம்மொழியில் இத்தகைய வாக்கியம் இருத்தல்வினையின்றியே அமையும். தமிழிலும் அங்ஙனமே, பெயர்ப்பயனிலைக்கு வினை வேண்டுவதில்லை. எனவே ஸ்விங்லி பற்றிக்கொண்ட சொல் கிரேக்கமும் இலத்தீனும் தந்ததேயன்றி, முதலிற் சொன்னவர் வாயில் இருந்திராதது. தமிழ்க் கிறித்தவரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில், தமிழ் வேண்டாத அவ்வினையையும் விடாது 'ஆயிருக்கிறது' என்று முடித்திருக்கின்றனர். மூலத்தின்பால் அவர்க்கிருந்த அச்சம் அவ்வொரு சொல்லாற் புலனாகின்றது.

மார்பர்க்கில் வரையப்பட்ட பதினைந்து உறுப்புக்களுள் பதினான்கில் இருதிறத்தாரும் ஒன்றுபட்டனர். பதினைந்தாவதிலும், அப்பமும் இரசமும் இரண்டுமே எல்லார்க்கும் அளிக்கத்தக்கன என்பதில் ஒருமையுண்டு. உடல் மெய்யாக அப்பத்தில் உளதோ என்பது மட்டும் எஞ்சிற்று. ஸ்விங்லி கண்ணீரோடு உடன்பிறப்புரிமை வேண்டியும் லூதர் அதனை வழங்கவில்லை. 1531-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் காப்பெல் போரில் ஸ்விங்லி மாண்டார். நவம்பரில் எகொலம்பாடியுஸும் இறந்தார். லூதர் வழியினரும் மற்றையோரும் ஒரே பந்தியில் அமராது நூற்றாண்டுகள் கழிந்தன. 1947-ஆம் ஆண்டு தென்னிந்தியாவிற் பல சபைகள் கூடி ஒன்றானபோதும் லூதர் சபையார் அதனுட் சேர்ந்திலர்; அதற்குப் பிற காரணங்களும் உண்டு.

ஐரோப்பாவில் அவ்விரு வழியினருட் பெரும்பாலார் ஒருவர் பந்தியில் ஒருவர் கலக்க உடன்பட்டது 1973-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். உடன்படிக்கையில் 'எஸ்தின்' என்னும் சொற்கு எவரும் பொருள் வரையவில்லை. அப்பத்தோடும் இரசத்தோடும் கிறித்து தம்மையே அளிக்கின்றார் என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். அது செய்யப்பட்ட இலாயன்பெர்க் என்னுமிடம் எகொலம்பாடியுஸின் பாசல் நகருக்கு அணித்தாக உள்ளது.