59.2-க்குள் கேட்காத குரல்கள்

நம் மொழிக் கவலைக்கு ஆதாரமாக இரண்டு எண்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020-இல் 27.3. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 41.6-இலிருந்து 59.2-க்குப் போய்விட்டது.

நான் பொறியாளன். ஓர் எண்ணைக் கொடுத்தால், கருவி எதை அளந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தக் கருவி அளப்பது 'ஆக அதிகம்' பேசும் ஒரு மொழியை. அப்பாயிகிட்ட தமிழ், தங்கச்சிகிட்ட ஆங்கிலம், அம்மாகிட்ட ரெண்டும் கலந்து பேசுற ஒருத்தர் எதைச் சொல்வார்? ஆங்கிலத்தை முதலில் சொன்ன எல்லா இனத்தாரிலும் சுமார் 87 விழுக்காட்டினர் வீட்டில் ஒரு தாய்மொழியும் பேசுகிறார்கள் என்று அதே 2020 கணக்கெடுப்பு சொல்கிறது. 'இந்தியர்' என்ற கட்டத்துக்குள் மலையாளம், இந்தி, பஞ்சாபி பேசுவோரும் இருக்கிறார்கள்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. சரிவு உண்மை. என் கேள்வி, அந்த 59.2 விழுக்காட்டு வீடுகள் நம் சிறுகதைகளில் எங்கே என்பதுதான்.

வருகிறார்கள், குற்றவாளிகளாக. வீவக வீட்டில் பாட்டி தமிழில் கேட்பார். பேரன் கைப்பேசியை விட்டு நிமிராமல் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அந்தப் பதில்கூட நமக்குக் கேட்காது. 'ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தான்' என்று ஆசிரியரே முடித்துவிடுவார். ஆங்கிலம் பேசினால் பாசம் இல்லை, தமிழ் பேசினால் பண்பு உண்டு. இந்தச் சூத்திரம் தெரிந்துவிட்டால் மூன்றாம் பத்தியிலேயே முடிவு தெரிந்துவிடும்.

உண்மையில் அந்தப் பேரன், "பாட்டி, யூ சிட் லா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்பான். அதில் சோம்பல் உண்டு, அக்கறை உண்டு, பாட்டிக்காகத் தமிழுக்குத் தாவும் ஒரு சின்ன முயற்சியும் உண்டு. கதை அங்கேதான் இருக்கிறது. அதைத் திருத்தமான தமிழாக்கினாலும் போச்சு, ஒரே வரியில் கண்டித்தாலும் போச்சு.

பள்ளி இதில் நம்மை முந்திவிட்டது. 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. நம் கதைகளின் பிள்ளைகளோ இன்னும் மேடையில் நிற்பதுபோலப் பேசுகிறார்கள்.

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயந்த பெற்றோரும் இங்கே உண்டு. அந்தப் பயத்தைத் திட்டிய கதைகள் ஏராளம். அதற்குள் நுழைந்து, பிஎஸ்எல்இ நெருங்கும்போது ஓர் அம்மா எதைக் கணக்குப் போட்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்று காட்டிய கதை எனக்கு அநேகமாகக் கிடைக்கவில்லை.

அந்த 59.2 விழுக்காட்டு வீடுகளில்தான் நாளைய வாசகர்களில் பலர் வளர்கிறார்கள். தன் வீட்டுப் பேச்சு எப்போதும் குற்றமாகவே வரும் கதையை ஒரு பிள்ளை ஏன் படிக்கவேண்டும்?