ஆறு பேர், அறுபது அமர்வு, ஒரு தலைப்புச் செய்தி

2021 செப்டம்பரில் ‘ஏஜிங்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் யூரி ஆஷெரி, ஷாமிர் மருத்துவ மையத்தின் ஷாய் எஃப்ராதி ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த ஆய்வு. உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சையால் அல்சைமர் நோயை மாற்றிவிடலாம் என்கிற தொனியில் செய்திகள் பறந்தன. இன்னமும் வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டுதான் இருக்கு. கட்டுரையை முழுசா வாசித்தேன். தலைப்புச் செய்திக்கும் உள்ளே இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சிகிச்சையைப் பார்த்துடலாம். இது போலி வைத்தியம் கிடையாது. மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தைச் சாதாரண அளவைவிட இரண்டு மூன்று மடங்கு ஏற்றி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது; அதில் கூடுதலாக ஏற்ற இடமில்லை. ஆனால் பிளாஸ்மாவில் நேரடியாகக் கரையும் ஆக்சிஜன் அழுத்தத்தோடு கூடும். சாதாரணமாக 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர்தான் கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது சுமார் 6 மில்லிலிட்டர் ஆகும். அதனால்தான் ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறாத சில சர்க்கரை நோய்ப் புண்கள் ஆகியவற்றுக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை.

அல்சைமருக்கு இதை யோசித்ததும் முட்டாள்தனம் இல்லை. அந்த நோயில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது என்பது தெரிந்த விஷயம். 2021 கட்டுரையின் முதல் பாதி எலிகளைப் பற்றியது. அல்சைமர் தொடர்பான ஐந்து மரபணுப் பிறழ்வுகளைப் புகுத்தி வளர்த்த எலிகளில், சிகிச்சைக்குப் பிறகு ரத்தக் குழாய்கள் விரிந்தன, ரத்த ஓட்டம் கூடியது, அமிலாய்டு படிவு குறைந்தது. கவனமாகச் செய்யப்பட்ட வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகை எலிகளுக்கு இரண்டு மாத வயதிலேயே அமிலாய்டு படிய ஆரம்பித்துவிடும். மனிதருக்கு அது பல வருஷ வேலை. எலியின் அமிலாய்டைக் குறைத்து, மனிதரிடம் தோற்றுப்போன மருந்துகளின் வரிசை ரொம்ப நீளம்.

சரி, மனிதர்கள்? மொத்தம் ஆறு பேர். சராசரி வயது 70. மூன்று மாதத்தில் 60 அமர்வுகள். மூளை ரத்த ஓட்டம் சில பகுதிகளில் 16 முதல் 23 சதவீதம் வரை கூடியதாகவும், நினைவாற்றல் மதிப்பெண் 86.6-லிருந்து 100.9-க்கு ஏறியதாகவும் கட்டுரை சொல்கிறது.

இங்கேதான் நிதானிக்கணும். அந்தக் கணினிச் சோதனையில் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற சராசரி 100. திட்ட விலக்கம் 15. அதாவது 85-லிருந்து 115 வரை பெரும்பாலோர் விழுகிற இடம். இவர்களுடைய தொடக்க நினைவாற்றல் மதிப்பெண் அந்த எல்லைக்கு உள்ளேயே இருக்கிறது. ஒட்டுமொத்த அறிவாற்றல் மதிப்பெண்ணோ தொடக்கத்திலேயே 102.4. கட்டுரையும் இவர்களை ‘நினைவாற்றல் இழப்பு உள்ள முதியவர்கள்’ என்றுதான் சொல்கிறது, அல்சைமர் நோயாளிகள் என்று அல்ல. அப்படின்னா தலைப்புச் செய்தியில் அல்சைமர் எங்கிருந்து வந்தது? எலியிலிருந்து வந்தது!

அடுத்தது, ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒரே மாதிரிச் சோதனையை இரண்டாம் தடவை செய்யும்போது கை பழகியிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் வீட்டைவிட்டுக் கிளம்பி, நாலு பேரோடு பேசி, அக்கறையான கவனிப்பில் இருந்தாலே ஒரு முதியவருக்குத் தெம்பு வரும். இதில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இந்த ஆய்வில் வழியே கிடையாது.

இது வெறும் சந்தேகம் இல்லை, வேறொரு நோயில் நடந்த கதை. தலையில் அடிபட்ட அமெரிக்க ராணுவத்தினரிடம் இதே சிகிச்சையைச் சோதித்தார்கள். 2012-ல் வந்த ஆய்வில் 50 பேர்; 2015-ல் வந்ததில் 72 பேர். ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி அறையில் லேசான அழுத்தத்தில் வெறும் காற்று. இரண்டு ஆய்விலும் இரண்டு குழுவுக்குமே குணம் தெரிந்தது, இரண்டுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ‘லேசான அழுத்தமும் ஒரு சிகிச்சைதான்’ என்பது ஆதரவாளர்களின் பதில். இருக்கலாம். ஆனால் அதற்கும் ஆதாரம் வேண்டும். எந்த முடிவு வந்தாலும் நம் பக்கம்தான் என்று வாதிட்டால், பிறகு சோதனை எதற்கு?

அல்சைமர் என்று உறுதியானவர்களிடம் ஒன்றுமே செய்யவில்லையா? 2019-ல் பால் ஹார்ச்சும் எட்வர்ட் ஃபோகார்ட்டியும் 58 வயதுப் பெண் ஒருவரின் மூளைப் படங்களை வெளியிட்டார்கள். 40 அமர்வுக்குப் பிறகு வளர்சிதை மாற்றம் கூடியிருந்தது. அது ஒரே ஒரு நோயாளி. ரத்தக்குழாய் சார்ந்த மறதிநோய்க்கான காக்ரேன் மீளாய்வு 2012-ல் வந்தது. அதில் தேறியது 64 பேர் கொண்ட ஒரே ஆய்வு. அதுவும் தரம் குறைவு என்றே சொன்னார்கள்.

ஒப்பிட ஒரு உதாரணம். லெக்கானெமாப் மருந்தை ஏறத்தாழ 1,800 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். கிடைத்த பலன் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி. அது போதுமா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. ஆறு பேரை வைத்து நாம் எப்படிக் கொண்டாடுவது?

இன்னொன்றையும் சொல்லியாகணும். எஃப்ராதி, இந்தச் சிகிச்சையை விற்கும் நிறுவனத்தின் பங்குதாரர். கட்டுரையே அதை ஒளிக்காமல் சொல்கிறது. அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது; தொடர்பில்லாத வேறொரு குழு செய்து பார்க்கும்வரை காத்திருக்க அது கூடுதல் காரணம், அவ்வளவுதான்.

‘ஆக்சிஜன்தானே, கெடுதல் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு: காதுக்குள் அழுத்தக் காயம், பார்வை மாற்றம், அரிதாக வலிப்பு. தூய ஆக்சிஜன் நிறைந்த அறையில் ஒரு பொறி போதும். 2025 ஜனவரியில் மிச்சிகனில் அப்படி ஒரு அறை தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். தான் எங்கே இருக்கிறோம் என்றே குழம்பும் ஒருவரை அறுபது தடவை மூடிய அறைக்குள் உட்கார வைப்பது சின்ன விஷயமா? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த பட்டியலில் அல்சைமர் கிடையாது.

அம்மாவையோ அப்பாவையோ இதற்குக் கூட்டிப்போகச் சொல்லி யாராவது விலை சொன்னால், மூன்று கேள்வி கேளுங்க. உங்கள் ஆய்வில் இருந்தவர்களுக்கு அல்சைமர் உறுதியானதா? பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டீர்களா? ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தார்கள்? எலியைக் காட்டிப் பதில் சொன்னால், பணத்தை வீட்டில் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்குக் கொடுங்கள். அந்தப் பலன் மறுநாளே தெரியும்.