ஒலிநாடாவில் இல்லாத பெயர்கள்

மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற பெட்டியில் பதினேழு ஒலிநாடாக்கள் இருந்தன. பாதிக்கு மேல் இசைமுரசு நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களுடையவை. தராவீஹ் முடிந்து வீடு அடங்கிய இரவுகளில் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிறு வயதில் அன்பால் மட்டுமே கேட்டவற்றை இம்முறை சற்று எடை போட்டும் கேட்டேன்.

1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் குரலைக் 'கணீரென்ற குரல்' என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அது பாதி உண்மையே. உச்ச ஸ்தாயியில் நிற்கும்போதும் சொல் சிதைவதில்லை என்பதே அக்குரலின் பெருமை. ழகரமும் றகரமும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. அரபுச் சொல் வரும்போது ஓதிப் பழகிய நாவு தெரிகிறது. ஒலிபெருக்கி எட்டாத கடைசி வரிசைக்காரனுக்கும் பொருள் விளங்க வேண்டும் என்னும் மேடைப் பாடகரின் கவலை அது. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அப்புகழ்பெற்ற பாடலைப் பிற சமயத்தவரும் விரும்பிப் பாடுவதற்கு இத்தெளிவும் ஒரு காரணம் என்பேன்.

குறையும் உண்டு. இந்திப் படப் பாடல்களின் மெட்டைத் தழுவிய சிலவற்றில், மெட்டின் அளவுக்குச் சொல் நீட்டப்பட்டும் நறுக்கப்பட்டும் கிடக்கிறது. அன்று மீலாது மேடையில் கேட்டபோது இது எனக்கு உறைக்கவில்லை. வேறு சில நாடாக்களில் மின்னிசைக் கருவிகளின் இரைச்சல் குரலோடு மல்லுக்கு நிற்கிறது. தப்லாவும் ஆர்மோனியமுமே போதுமாயிருந்த குரலுக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு?

1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனுடன் அவர் பாடிய பாடலையும் தேடிப்பிடித்துக் கேட்டேன். இரண்டு பெருங்குரல்கள், ஒன்றையொன்று விழுங்கவில்லை. விசுவநாதன் – ராமமூர்த்தி வகுத்த இசையில் தம் பங்கை அளந்து பாடியிருக்கிறார் ஹனீபா. அடக்கமும் அவருக்குக் கைவரும் என்பதற்கு அது சான்று.

அப்பாடலை எழுதியவர் கண்ணதாசன் என்பதை நம் பிள்ளைகளும் சொல்வார்கள். பெருமானார் மீதும் நாகூர் நாயகம் மீதும் நம் வீடுகளில் அரை நூற்றாண்டாக ஒலிக்கும் பாடல்களை எழுதியவர்கள் யார்? மெட்டமைத்தவர்கள் யார்? சீறாப்புராணம் என்றதும் உமறுப்புலவரைச் சொல்லும் சமுதாயம், தான் தினமும் முணுமுணுக்கும் பாட்டின் புலவரை மறந்திருக்கிறது. பாடியவர் மீது வைத்த அன்பு, எழுதியவரை மறைக்கும் திரையாகிவிட்டது. இதில் பாடகரைக் குறை சொல்ல ஏதுமில்லை. கேட்டுக்கொண்டே இருந்த நாம்தான் ஒரு முறையேனும் விசாரித்திருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்த நாடாக்களில் பலவற்றுக்கு அட்டையே இல்லை. இருக்கும் அட்டைகளிலோ பாடியவர் படமும் பெயரும் மட்டும். எண்பதைக் கடந்த உம்மாவிடம் ஒரு பாடலைப் பற்றிக் கேட்டேன். முதல் அடி முதல் கடைசி அடி வரை பிசகாமல் பாடிக் காட்டினார்கள். எழுதியவர் பெயரைக் கேட்டதும், "ஹனீபாதானே!" என்றார்கள்.