தற்கால ஓவியத்தில் என்புக்கூடு

ஓவியத்தில் என்புக்கூட்டைக் கண்ட அளவிலே அஃது இறப்பின் குறியீடு எனக் கொள்ளுதல் பலர்க்கும் இயல்பு. நிலையாமை கூறும் நூல்களிற் பயின்ற நமக்கு அக்கருத்து இன்னும் விரைந்து தோன்றும். ஆயினும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு எழுந்த படைப்புகள் சிலவற்றில் என்புக்கூடு மக்களின் அன்றாட வாழ்வையே குறித்து நிற்கின்றது. அதனை மூன்று படைப்புகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பழைய மரபை நோக்குதல் வேண்டும். ஹோல்பைன் வரைந்து, 1538-இல் லியோன் நகரில் வெளிவந்த 'இறப்பின் கூத்து' என்னும் மரச்செதுக்குப் படங்களில், என்புக்கூடு புறத்திருந்து வரும் கூற்றுவன். போப்பாண்டவர், பேரரசன், உழவன், குழந்தை என்னும் வேறுபாடின்றி அது யாவரையும் கொண்டு செல்லும். ஆண்டு வாழ்பவர் ஒருவர், என்புக்கூடு வேறொருவர். இறப்பின்முன் யாவரும் நிகர் என்பதே அப்படங்களின் துணிபு.

பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சோர் 1889-இல் தீட்டிய 'குளிர்காயும் என்புக்கூடுகள்' என்னும் ஓவியத்தில் இந்நிலை மாறுகின்றது. ஆடை போர்த்த கூடுகள் ஓர் அடுப்பைச் சூழ்ந்துள்ளன. அடுப்பில் நெருப்பில்லை, நாளையேனும் கிட்டுமோ என்னும் பொருள்பட அதன்மேல் எழுதப்பட்டுள்ளது. வண்ணப்பலகையும் வயலினும் விளக்கும் அருகே உள்ளன. எவரையும் கொண்டு செல்ல வந்தார் ஈண்டு இலர். தசை நீங்கியும் குளிர் நீங்காதாரே உளர்.

மெக்சிகோவின் ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) தெருக்களில் விற்ற மலிவான அச்சுத்தாள்களுக்குப் படஞ்செதுக்கியவர். அவர்தம் என்புக்கூடுகள் விருந்துண்ணும், ஆடும், மிதிவண்டி ஊரும். அவற்றுள் புகழ்மிக்கது, பின்னாளிற் 'கத்ரீனா' எனப் பெயர்பெற்ற, பெருந்தொப்பி அணிந்த பெண்ணின் மண்டையோடு. தொல்குடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பியக் கோலம் பூண்டாரை எள்ளுவது அது. துத்தநாகத் தகட்டிற் செதுக்கிய அச்சுப்படமே எனினும், பின்வந்த ஓவியத்திற்கு மூலமாதலின் ஈண்டுக் கொள்ளப்பட்டது.

இதனையும் 'யாவரும் நிகர்' என்னும் பழந்துணிபின்பாற் படுத்துவார் உளர். அது பொருந்தாது. நிகராக்குதலே கருத்தாயின் தொப்பியும் கழன்றிருத்தல் வேண்டும். முகம் போயிற்று, தொப்பி போகவில்லை. எள்ளல் முழுதும் அத்தொப்பியிலேயே உளது. அதனை நீக்கின் எஞ்சுவது யாரோ ஒருவர் தலையே. ஹோல்பைன் படத்தில் உயர்வு தாழ்வு அழிகின்றது; போசாதா படத்தில் உயர்வு நாடும் செருக்கு அழியாது எஞ்சுகின்றது.

தியேகோ ரிவேரா 1947-இல் மெக்சிகோ நகரின் அலமேதா பூங்காவைப் பொருளாகக் கொண்டு ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள சுவரோவியம் தீட்டினார். போசாதா செதுக்கியது தலையளவே; ரிவேரா அதற்கு உடலும் நீண்ட ஆடையும் அளித்து நடுவே நிறுத்தினார். கத்ரீனாவின் ஒரு கை போசாதாவின் கையொடு கோத்துள்ளது. மறு கை சிறுவனாகிய ரிவேராவின் கையைப் பற்றியுள்ளது. சிறுவன் அஞ்சவில்லை. ஞாயிற்றுக்கிழமை உலாவில் என்புக்கூடும் உறவினர் போல் உடன் வருகின்றது. கனிவு மிகுந்தது, ஆயின் எள்ளலின் கூர்மை குன்றிற்று என்றே கருதவேண்டியுள்ளது. இப்பெண் எவர்க்கும் உறவாகின்றாள். போசாதாவின் பெண்ணோ காண்பாரைச் சுடுகின்றாள்.

குளிர், செருக்கு, பற்றிய கை ஆகிய மூன்றும் சாவின் இயல்புகள் அல்ல, வாழ்வின் இயல்புகள். நிலையாமை கூறுவார் உடம்பு அழியும் என்பர். இவர்களோ உடம்பு அழிந்ததாகக் கொண்டு, அழியாது நிற்கும் வேட்கையைக் காட்டுகின்றனர். ஆதலின், இப்படைப்புகளை நிலையாமை என்னும் ஒரு சொல்லுள் அடக்குதல் அவற்றின் உட்பொருளை இழத்தலாம்.