கெர்னலுக்குள் விடுமுன் சோதிப்பது யார்?

2024 ஜூலை 19 அன்று இந்திய விமான நிலையங்கள் பலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியிருந்தது. சாதாரணச் செயலி பிழை செய்தால் அது மட்டும் நின்றுபோகும். ஃபால்கனின் ஒரு பகுதி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடியது. அதனால் கணினியே விழுந்தது. செட்டிநாட்டு அமராவதிபுதூரின் பழைய வீடுகளில் வந்தவர் முகப்பு என்ற முன்பகுதியோடு நிற்பார், வளவு என்ற உள்பகுதி வீட்டாருக்கு. கணினியிலும் செயலிகளுக்குப் பயனர்வெளி, நினைவகத்தையும் வட்டையும் ஆளும் கெர்னலுக்குத் தனி இடம். இந்தப் பிரிவை அழிப்பதே தவறு என்று பலர் முடிவுகட்டினார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

பயனர்வெளிக்கும் கெர்னலுக்கும் இடையிலான எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நேரம் செலவாகிறது. மெல்ட்டவுன் என்ற புராசசர் குறைபாட்டுக்கு 2018-இல் வந்த திருத்தம் அந்தச் செலவை மேலும் கூட்டியது. வேகத்துக்காக 1996-இல் விண்டோஸ் என்டி 4.0 வரைகலைப் பகுதியைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. 2011-இல் டுகு என்ற தீநிரல், அப்படிக் கெர்னலுக்குள் போன, எழுத்துருவைப் படிக்கும் நிரலில் இருந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. லினக்ஸ் 2014-இல் கொண்டுவந்த இபிபிஎஃப் முறையும் வெளி நிரலை உள்ளே விடுகிறது. ஆனால் அதை ஓடவிடுமுன் கெர்னலே வரிவரியாகச் சோதிக்கிறது: நினைவகத்தில் வரம்பு மீறுகிறதா, முடிவில்லாமல் சுழல்கிறதா என்று பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புகிறது. ஃபால்கனில் இல்லாமல்போனது இதுதான். அதன் டிரைவர் மைக்ரோசாஃப்ட்டின் சோதனையைக் கடந்தது. அந்த டிரைவர் பின்னால் படித்து நடக்கும் விதிக்கோப்புகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கிடைத்தவை 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய்க் கணினி விழுந்தது. கோப்பை அனுப்புமுன் சரிபார்த்த நிறுவனத்தின் சொந்தக் கருவியும் இதைக் கோட்டைவிட்டது.

சோதிக்கும் நிரலிலும் பிழை வராதா? வந்திருக்கிறது, இபிபிஎஃப் சோதிப்பானின் ஓட்டைகள் வழியே சாதாரணப் பயனர் முழு அதிகாரம் பெற முடிந்தது. அதனால்தான் பல லினக்ஸ் வெளியீடுகள் அந்த வசதியைச் சாதாரணப் பயனருக்கு மூடிவைத்தன. மூடியது சரியே. ஆனால் அந்தப் பிழை எல்லோரும் படிக்கக்கூடிய ஒரே நிரலில் இருக்கிறது. ஒருமுறை திருத்தினால் அதைப் பயன்படுத்தும் அனைவருக்கும் தீர்ந்தது. எல்லாவற்றையும் பயனர்வெளிக்கே அனுப்பிவிடலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. வைரஸ் தடுப்புக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நொடிக்குப் பல லட்சம் இணையத் தரவுப் பொட்டலங்களைப் பிரித்தனுப்பும் சர்வரில் பொட்டலத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டினால் வேலை நடக்காது. இத்தகைய வேலைக்குத்தான் மெட்டா தன் கட்ரான் சுமைப்பகிர்வில் இபிபிஎஃப்பை எடுத்துக்கொண்டது.

அன்று இந்தியாவில் 10 வங்கிகள், நிதி நிறுவனங்களில் மட்டுமே சிறு தடங்கல் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. இந்த மென்பொருளை வைத்திருந்தவை சிலவே என்பது அதற்கு முக்கியக் காரணம். நம் ஏற்பாடு திடமானது என்பதற்கு அது சான்றாகாது. பாதுகாப்பு மென்பொருள் வாங்கும் வங்கியும் அரசுத் துறையும் டெண்டரிலேயே இரண்டைக் கேட்க வேண்டும்: இது கெர்னலுக்குள் ஓடுகிறதா? ஓடினால், அன்றாடம் வரும் கோப்புகளை எங்கள் கணினியில் ஏற்றுமுன் சோதிப்பது யார்? தெளிவான பதில் வராத மென்பொருளை வாங்கக் கூடாது.