மறுப்பை ரசிப்பது எப்படி? – ஷார்க் டேங்க் பார்ப்போருக்கு

பாட்டுப் போட்டியில் சுருதி பிசகியதும் பாடுபவர் அடுத்த அடிக்குப் போகும் முன்பே முகம் சுளிப்பவர்களும், பந்துவீச்சாளரை மாற்றியது ஏன் தவறு என்று டீக்கடையில் அரைமணி நேரம் வாதாடுபவர்களும், தொழில்முனைவோர் ஒருவர் முதலீட்டாளர்கள் முன் நின்று பணம் கேட்கும் நிகழ்ச்சி ஓடும்போது மட்டும் 'இது கணக்குத் தெரிந்தவர்கள் பார்ப்பது' என்று ரிமோட்டைத் தேடுவது வருந்தத்தக்கது. டக்வொர்த்-லூயிஸ் விதியின்படி இலக்கு எப்படி மாறும் என்று மழை பெய்யும்போதே ஊகிக்கிற ஒரு சமூகத்துக்கு, பள்ளிச் சதவீதக் கணக்கைத் தாண்டாத ஷார்க் டேங்க் எவ்வகையிலும் கடினமானதன்று.

அடிப்படைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். இவ்வடிவம் 2001-இல் ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சியில் பிறந்து, 2005-இல் பிபிசியில் 'டிராகன்ஸ் டென்' ஆகவும், 2009-இல் அமெரிக்காவின் ஏபிசியில் 'ஷார்க் டேங்க்' ஆகவும் உருமாறி, 2021 டிசம்பரில் சோனி வழியாக இந்தியாவுக்கு வந்தது. 2025-இல் விஜய் தொலைக்காட்சியின் 'ஸ்டார்ட்அப் சிங்கம்' தமிழிலும் இதே பாதையில் நடந்தது. நிறுவனர் தம் தொழிலை விளக்குவது 'பிட்ச்' எனப்படும். எதிரே அமர்ந்திருக்கும் முதலீட்டாளர்களே 'ஷார்க்'குகள். '5 சதவீதப் பங்குக்கு 50 லட்சம் ரூபாய்' என்று ஒருவர் கேட்டால் முழு நிறுவனத்தின் விலை 10 கோடி ரூபாய் என்று அவர் சொல்வதாகப் பொருள். அவ்விலைக்கு 'வேல்யூவேஷன்' என்று பெயர். பங்குக்குப் பதிலாகவோ பங்கோடு சேர்த்தோ, விற்பனையில் குறிப்பிட்ட விகிதத்தைத் தொடர்ந்து வாங்கிக்கொள்வது 'ராயல்டி'. இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றவை பார்க்கப் பார்க்க விளங்கும்.

இனிதான் முக்கியமான செய்தி. ஷார்க் ஒருவர் 'ஐயாம் அவுட்' என்று விலகும்போது எல்லா விலகலும் ஒரே ஒலியில் கேட்பதால், பார்வையாளர்களில் பெரும்பாலோர் அதை ஒரே செயலாகக் கருதிவிடுகின்றனர். உண்மையில் அது முற்றிலும் வேறான இரு செயல்களாகும். ஒன்று தொழில் மறுப்பு: இப்பொருளை வாங்க ஆள் இல்லை, அல்லது வாங்கியவர் மீண்டும் வாங்க மாட்டார், ஆகவே எந்த விலைக்கும் வேண்டாம் என்பது. மற்றொன்று விலை மறுப்பு: பொருள் நன்று, தொழிலும் நடக்கும், ஆனால் கேட்கப்படும் விலையில் நுழைந்தால் முதலீட்டாளருக்கு மிஞ்சப்போவது ஒன்றுமில்லை என்பது. 'என் துறை இதுவன்று' என்று மூன்றாவதாக ஒரு விலகலும் உண்டு. பெரும்பாலும் நாகரிகமாக நழுவும் வழியான அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டைப் பயில 2013-இல் ஒளிபரப்பான அமெரிக்கப் பகுதி ஒன்றுக்கு இணையான பாடம் இல்லை. வாசலில் நிற்பவரைக் கைபேசியில் காட்டும் அழைப்புமணியான 'டோர்பாட்'டுடன் வந்த ஜேமி சிமினாஃப் 10 சதவீதத்துக்கு 7 லட்சம் டாலர் கேட்டார். அதாவது தம் நிறுவனத்தை 70 லட்சம் டாலராக மதிப்பிட்டார். போட்ட பணம் பத்து மடங்காக வேண்டும் என்று நினைக்கும் முதலீட்டாளருக்கு இந்நிறுவனம் 7 கோடி டாலர் நிறுவனமாக வளர வேண்டும். இடையில் புதிய முதலீட்டாளர்கள் வந்து பங்கு கரைந்தால் அதற்கும் மேலே வளர வேண்டும். ஷார்க்குகளில் ஒருவரான மார்க் கியூபன் அந்த உயரத்துக்குப் போகும் வழி தமக்குத் தெரியவில்லை என்ற பொருள்படச் சொல்லி விலகினார். மற்றொரு ஷார்க்கான கெவின் ஓலியரி விலகவில்லை; கடன், ராயல்டி, 5 சதவீதப் பங்கு என்று மூன்றையும் பின்னிய ஒரு முன்மொழிவை வைத்தார்; சிமினாஃப் அதை ஏற்காமல் வெறுங்கையுடன் திரும்பினார். பின்னர் 'ரிங்' என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2018-இல் அமேசான் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதும், 'ஷார்க்குகளுக்குக் கண் தெரியவில்லை' என்ற தீர்ப்பு உலகெங்கும் பரவியது. அத்தீர்ப்பு மேலோட்டமானது. கியூபனின் மறுப்பு விலையைப் பற்றியது. அழைப்புமணி பயனற்றது என்று அவர் சொல்லவில்லை. வளர்ச்சியைக் கணிப்பதில் அவர் தவறியிருக்கலாம். ஆனால் பொருளைப் புரிந்துகொள்ளாமல் தவறுவதும், பொருளைப் புரிந்துகொண்டு அது எட்டும் எல்லையைக் குறைத்து மதிப்பிடுவதும் ஒன்றாகா. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வழங்கப்படும் எந்தக் கருத்தும் கருத்தன்று, வெறும் பின்னறிவு.

பார்வையாளர் மேலும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விலை மறுப்பு பலநேரம் தொழில் மறுப்பின் வேடத்தில் வருகிறது. பேரம் பேச மனமில்லாத ஷார்க், விலை அதிகம் என்று சொன்னால் நிறுவனர் உடனே குறைத்துவிடுவாரோ என்று அஞ்சி, 'சந்தை சிறியது' என்று முடித்துக்கொள்வதுண்டு. வேடத்தைக் கலைக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: விலகுவதற்கு முன் அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி எதைப் பற்றியது? வாங்கியவர் திரும்ப வருகிறாரா, பொருளைச் செய்ய ஆகும் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்று கேட்டுவிட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, பேனாவைக் கீழே வைத்தால் அது தொழில் மறுப்பு. முந்தைய முதலீடு எந்த விலையில் வந்தது, நிறுவனரிடம் இன்னும் எவ்வளவு பங்கு எஞ்சியிருக்கிறது என்று கேட்டுவிட்டு விலகினால், வாய் என்ன சொன்னாலும் அது விலை மறுப்புதான். இச்சோதனையைக் கைக்கொண்டவருக்கு முன்பு சலிப்பூட்டிய கேள்வி-பதில் பகுதியே நிகழ்ச்சியின் உயிராகிவிடும். இசையும் கண்ணீரும் நிறைந்த அறிமுகக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்க்கவும் தோன்றும்.

ஷார்க் டேங்க் இந்தியாவின் முதல் பருவத்தில் மாலேகானிலிருந்து வந்த 'ஜுகாடு' கமலேஷின் பகுதி விலை மறுப்பின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து தெளிக்கும் உழவரின் பாரத்தைக் குறைக்க, தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒரு சக்கரக் கருவியை அவர் செய்திருந்தார். 10 சதவீதத்துக்கு 30 லட்சம் ரூபாய் கேட்டார். வேல்யூவேஷன் 3 கோடி. ஷார்க்குகளில் ஒருவரான, கண்ணாடி விற்கும் லென்ஸ்கார்ட்டின் பியூஷ் பன்சல் 40 சதவீதத்துக்கு 10 லட்சமும், தனியே 20 லட்சம் கடனும் தந்தார். வேல்யூவேஷன் 25 லட்சம். கேட்ட விலை பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது. நாடே கண்கலங்கிக் கொண்டாடிய அந்தக் கைகுலுக்கலில் விலை ஈவிரக்கமின்றி மறுக்கப்பட்டிருந்தது என்பதைச் சுட்டியவர்கள் மிகச் சிலரே. இதனால் பன்சலின் பெருமை குறைவதில்லை, மாறாகக் கூடுகிறது. விற்பனையே தொடங்காத ஒன்றுக்கு 3 கோடி கொடுப்பது கருணையாக இருந்திருக்கும். 40 சதவீதம் எடுத்துக்கொள்வது, கூட உட்கார்ந்து உழைக்கப் போவதாகத் தரும் வாக்கு. உணர்ச்சிவசப்பட்டவர்கள் அவரை வள்ளல் என்றனர், கணக்குப் போட்டவர்கள் பேராசைக்காரர் என்றனர். இரு சாராருமே காட்சியைப் பாதியாகப் பார்த்தவர்கள்.

பார்வையாளர் கருத்துகளின் பெருங்குறை இத்தகைய பாதிப் பார்வைதான். முதல் பருவத்து ஷார்க்குகளில் ஒருவரான அஷ்னீர் குரோவரின் கடுஞ்சொற்களை மட்டும் வெட்டி ஒட்டிய முப்பது வினாடித் துணுக்குகளைப் பார்த்துவிட்டு நிகழ்ச்சியையே எடைபோடுவது இன்றைய நாகரிகமாகிவிட்டது. ஷார்க்குகளை நல்லவர், கெட்டவர் என்று இருபுறமாக நிறுத்தி மதிப்பெண் போடுவது அதனினும் மலிவானது. 'எல்லாமே நடிப்பு' என்று ஒதுக்கும் விமர்சகர்கள் தம்மைக் கூர்மையானவர்களாகக் கருதிக்கொள்கின்றனர். ஆனால் படப்பிடிப்பில் நீளும் உரையாடல் சில நிமிடங்களாகச் சுருக்கப்படுகிறது என்பதும், மேடையில் கைகுலுக்கிய பின்னரே நிறுவனத்தின் கணக்குகளும் ஆவணங்களும் முறையாகச் சரிபார்க்கப்படுகின்றன என்பதும், அச்சரிபார்ப்பில் பல ஒப்பந்தங்கள் கைகூடாமல் போகின்றன என்பதும் இந்நிகழ்ச்சியை நேசிப்பவர்கள் அனைவரும் அறிந்த செய்திகளே. படத்தொகுப்பு இருப்பதால் ஆவணப்படம் பொய்யாகிவிடுவதில்லை. நிறுவனர் தம் விற்பனைத் தொகையைத் தவறாகச் சொல்லி மாட்டிக்கொள்ளும் கணத்தில் அவர் முகத்தில் ஓடும் நிறமாற்றத்தை எந்தப் படத்தொகுப்பாளரும் உண்டாக்க முடியாது.

எத்தனை ஒப்பந்தங்கள் முடிந்தன என்று எண்ணுவதிலும் பயனில்லை; பணத்தோடு வேறென்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2012-இல் சிரித்த முக வடிவிலான தேய்ப்புப் பஞ்சான 'ஸ்க்ரப் டாடி'க்கு ஏரன் க்ராஸ் 10 சதவீதத்துக்கு 1 லட்சம் டாலர் கேட்டு, 20 சதவீதத்துக்கு 2 லட்சம் டாலரை ஷார்க் லோரி கிரைனரிடம் பெற்றார். கேட்ட விலையிலிருந்து ஒரு டாலரும் இறங்கவில்லை. இரட்டிப்பான பங்கை மட்டும் பார்த்தவர்கள் அவர் விட்டுக்கொடுத்ததாக நினைத்தனர். வீட்டிலிருந்தே பொருள் வாங்க வைக்கும் கியூவிசி தொலைக்காட்சியில் கிரைனருக்கு இருந்த செல்வாக்கு, அந்தப் பணத்தைவிடப் பெரிது என்பது க்ராஸுக்குத் தெரிந்திருந்தது.

புதிதாகத் தொடங்குபவரிடம் நெருக்கமாகச் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுண்டு. புகழ்பெற்ற வெற்றிக் கதைகளை ஒத்திவைத்துவிட்டு, ஒப்பந்தம் ஏதும் முடியாத பிட்ச் ஒன்றை முழுமையாகப் பார்க்க வேண்டும். நிறுவனர் தம் தொகையைச் சொன்னதும் படத்தை நிறுத்தி, இந்நிறுவனத்துக்குத் தகுந்த விலை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஷார்க்கும் விலகும்போது அது தொழில் மறுப்பா, விலை மறுப்பா என்று அதன் கீழே குறித்துவர வேண்டும். தாள் நிரம்பும் வரை மற்றவர் கருத்துகளைப் படிக்க வேண்டாம்.