வழிகாட்டாத வழித்துணை

வழியிடையே இருவர் சந்திப்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதிய செய்தி அன்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் காண்கின்றான். தான் நடந்து வந்த வழியையும் தான் பெற்ற வளத்தையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வள்ளல்பால் செலுத்துகின்றான். பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதே அவ்வகை இலக்கியத்தின் உயிர்நிலை ஆகும்.

வழியிற் கூடும் இருவருமே பெறாதவர்களாயின் யாது நிகழும்? இருவர் நெஞ்சிலும் ஆறாத புண் இருப்பின், யார் யாரை ஆற்றுப்படுத்துவர்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் காணத்தக்கது, சப்பானிய இயக்குநர் ரியூசுகே ஹமாகுச்சி 2021ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘டிரைவ் மை கார்’ என்னும் திரைப்படம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படம், அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசையும், 2022இல் சிறந்த பன்னாட்டுத் திரைப்படத்திற்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. பரிசுகள் ஒருபுறமிருக்க, தமிழாசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியொன்று இதனுள் உண்டு.

கஃபுகு ஒரு நாடக நடிகர், இயக்குநர். நான்கு வயதில் மகளை இழந்தவர். மனைவி ஓட்டோ வேறொருவருடன் கூடியிருந்ததை ஒருநாள் தம் கண்ணாலேயே கண்டும், கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தவர். “இன்று மாலை உங்களோடு பேச வேண்டும்” என்ற பொருள்பட ஒரு நாட்காலை மனைவி கூறுகின்றாள். அப்பேச்சுக்கு அஞ்சிய கஃபுகு, காரணமின்றி வண்டியில் சுற்றிவிட்டு இரவில் வீடு திரும்புகின்றார். மூளையிற் குருதி கசிந்து அவள் இறந்து கிடக்கின்றாள். முன்னரே வந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாமே என்னும் எண்ணம் முள்ளாகத் தைத்துவிடுகின்றது.

ஈராண்டுகள் கழித்து, செக்காவின் ‘வான்யா மாமா’ நாடகத்தை இயக்க அவர் ஹிரோஷிமா செல்கின்றார். தம் சிவப்பு நிற ‘சாப்’ மகிழுந்தைத் தாமே ஓட்டுதல் கூடாது என்பது நாடக விழாக் குழுவினரின் விதி. அவருக்கு ஓட்டுநராக வருபவள் மிசாகி என்னும் இருபத்துமூன்று வயதுப் பெண். மகள் உயிரோடு இருந்திருப்பின் அவளுக்கும் அதே வயது. மிசாகி பேசாதவள், சிரிக்காதவள், கன்னத்தில் ஒரு தழும்பு உடையவள்.

இவ்விருவரும் உடனே மனம் திறந்து பேசிவிடுவதில்லை. நம்மவர் கதைகள் பலவற்றில், துயருற்ற இருவர் சந்தித்த சிறிது நேரத்திலேயே கண்ணீரும் அறிவுரையும் ஆறாகப் பெருகக் காண்கிறோம். ஹமாகுச்சி அவ்வாறு செய்யவில்லை. தங்குமிடத்திற்கும் அரங்கிற்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம். மறைந்த மனைவியின் குரலில் பதிவான நாடக உரையாடல் ஒலிநாடாவில் ஓடுகின்றது. வான்யா பேச வேண்டிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. அவற்றைக் கஃபுகு நிரப்புகின்றார். மிசாகி வண்டியை ஓட்டுகின்றாள், கேட்கின்றாள். நாள்தோறும் இதுவே நிகழ்கின்றது.

இருவரையும் முதலில் இணைப்பது தொழில் திறம். விருந்தொன்றில் கஃபுகு அவளுடைய ஓட்டும் திறனைப் பாராட்டுகின்றார். வண்டியில் இருப்பதே மறந்துபோகிறது என்கின்றார். அவளோ விடை கூறாமல், எழுந்து சென்று அவ்வீட்டு நாயைத் தடவிக் கொடுக்கின்றாள். அவள் உள்ளம் நெகிழ்ந்ததை அச்சிறு செயலே காட்டிவிடுகின்றது. அத்திறன் வந்த வழியைப் பின்னர் அறிகிறோம். நகரில் இரவு வேலை செய்த தாயை, பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே ஏற்றி இறக்கியவள் அவள். தாயின் உறக்கம் கலைந்தால் உதை விழும். வண்டி குலுங்காமல் ஓடக் கற்றது அந்த அச்சத்தினால்தான். நாம் பாராட்டும் திறமைகள் சிலவற்றின் அடியில் எத்தகைய வடு உள்ளது என்பதை இதனினும் சுருக்கமாக உணர்த்துதல் அரிது.

இருவர்க்கும் இடையிலுள்ள தொலைவு சுருங்குவதை இருக்கையின் வாயிலாகவே இயக்குநர் புலப்படுத்துகின்றார். நெடுநாள் பின்னிருக்கையிலேயே அமர்ந்து வந்த கஃபுகு, மனைவியைப் பற்றிய கசப்பான உண்மையொன்றைக் கேட்ட இரவில் முன்னே வந்து மிசாகியின் அருகில் அமர்கின்றார். இருவரும் புகைபிடிக்கின்றனர். சாம்பல் உள்ளே விழாதவாறு, வண்டியின் மேற்கூரைத் திறப்பின் வழியே இரண்டு கைகள் உயர்கின்றன. ஒரு சொல்லும் இல்லை. படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே என்பது என் துணிபு.

இப்படத்திற்கு மூலம் ஹாருகி முராகாமியின் சிறுகதை. 2014இல் வெளிவந்த ‘பெண்களற்ற ஆண்கள்’ என்னும் தொகுப்பில் அஃது இடம்பெற்றுள்ளது. மூலக் கதையில் வண்டியின் நிறம் மஞ்சள். களம் தோக்கியோ நகரம். வடக்கே ஹொக்கைடோவிற்குச் செல்லும் நெடும்பயணம் அதில் இல்லை. அது ஹமாகுச்சியின் சேர்க்கை. ஏன் சேர்த்தார்?

வான்யாவாக நடிக்கவிருந்த இளைஞன் கொலைக் குற்றத்திற்காகக் கைது செய்யப்படுகின்றான். தாமே நடிப்பதா, நாடகத்தைக் கைவிடுவதா என முடிவு செய்யக் கஃபுகுவுக்கு இரண்டே நாட்கள். “நீ வளர்ந்த ஊரைக் காட்டு” என்று மிசாகியிடம் கேட்கின்றார். வண்டி வடக்கு நோக்கி விரைகின்றது. அப்பயணத்தில்தான் உண்மை வெளிப்படுகின்றது. மண்சரிவில் வீடு புதைந்தபோது தான் மட்டும் தப்பி வெளியே வந்த மிசாகி, உள்ளே தாய் இருப்பதை அறிந்தும் உதவிக்கு யாரையும் அழைக்கவில்லை. கன்னத்துத் தழும்பு அன்று பெற்றது.

இதனைக் கேட்ட கஃபுகு என்ன கூறுகின்றார்? தாம் அவளுடைய தந்தையாக இருந்தால், அணைத்துக்கொண்டு ‘உன் மீது பிழையில்லை’ என்று கூறியிருப்பேன். ஆயினும் அவ்வாறு கூற இயலவில்லை என்கின்றார். நீ தாயைக் கொன்றாய். நான் மனைவியைக் கொன்றேன் என்பது அவர் கூற்றின் சாரம். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் பொய்யான ஆறுதலைக் காட்டிலும் இக்கடுமையில் மதிப்பு மிகுதி. அவளுடைய சுமையை அவர் சிறிதாக்கிக் காட்டவில்லை. தம் சுமையையும் அதன் அருகே இறக்கி வைக்கின்றார். ஆற்றுப்படையில் வருவோன் ‘இவ்வழியே செல்க’ என்பான். இவரோ ‘எனக்கும் வழி தெரியாது’ என்று கூறியபடி உடன் செல்கின்றார். நெடும்பயணம் சேர்க்கப்பட்டதன் காரணம் இதுவே. ஓரிரவுப் பேச்சில் கூற முடியாத ஒன்றைக் கூறுவதற்கு அத்தனை நெடிய சாலை தேவைப்படுகின்றது.

குறையும் கூற வேண்டும். பனி மூடிய அவ்வீட்டின் இடிபாடுகளுக்கு முன் நின்று கஃபுகு பேசும் பேச்சு நீண்டுவிடுகின்றது. எஞ்சியோர் வாழ்ந்தே ஆக வேண்டும் என அவர் வெளிப்படையாக உரைக்கின்றார். அதே கருத்தைச் சற்று நேரத்தில் ‘வான்யா மாமா’வின் இறுதிக் காட்சி கூறவிருக்கின்றது. அங்கே சோனியாவாக நடிக்கும் வாய் பேசாத பெண், வான்யாவாக அமர்ந்திருக்கும் கஃபுகுவைப் பின்னிருந்து தழுவியபடி, கொரியச் சைகை மொழியில் அதனை உணர்த்துகின்றாள். அரங்கம் முழுவதும் அமைதி. அவ்வமைதி கூறிய அளவிற்குப் பனிவெளிப் பேச்சு கூறவில்லை. முன்னதாகவே கூறிப் பின்னதன் வலிமையை ஓரளவு குறைத்தும்விட்டது.

மற்றொரு தடையையும் சிலர் எழுப்பக்கூடும். ஊதியத்திற்கு வண்டி ஓட்டும் ஏழைப் பெண், வசதி படைத்த கலைஞரின் மனப்புண் ஆறுவதற்குக் கருவியாகின்றாளே என்பது அது. தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் படத்தின் கடைசிக் காட்சி மிசாகிக்கு உரியது. தென்கொரியாவில், அச்சிவப்பு வண்டியில், ஒரு நாயுடன் அவள் தனியே செல்கின்றாள். கஃபுகு அங்கு இல்லை. வண்டி அவளிடம் வந்தது எவ்வாறு என்ற விளக்கமும் இல்லை. பயணம் அவளுடையதாகிவிட்டது என்பது மட்டும் தெளிவு.

ஆசிரியர் நோக்கிலும் ஒன்று கூறுவேன். கஃபுகுவின் நாடகத்தில் நடிகர்கள் சப்பானியம், மாண்டரின், கொரியச் சைகை மொழி எனத் தத்தம் மொழியிலேயே பேசுகின்றனர். ஒத்திகையில் உணர்ச்சியைத் திணிக்காமல் வெறுமனே வாசிக்குமாறு அவர் வற்புறுத்துகின்றார். அடுத்தவர் கூறுவதை உண்மையாகக் கேட்கும்போதுதான் பாட்டோ உரையோ உயிர்பெறும் என்பது அதன் அடிப்படை. பல மொழி ஒலிக்கும் நாட்டில் வாழும் நமக்கு இஃது அயலான செய்தி அன்று. படத்தின் முற்பகுதியில் இளம் மாணவர்க்கு ஏலாத காட்சிகள் உண்டு; எனவே உயர் வகுப்பினர்க்கு ஆசிரியரே கதையைக் கூறி, ஆற்றுப்படையோடு ஒப்பிட்டுச் சிந்திக்கச் செய்தல் நலம்.

வகுப்பறைக்குள் வரும் பிள்ளைகளுள் தாயை இழந்தவர் இருப்பர். உதை வாங்கி வந்தவரும் இருப்பர். அவர்கள் முன் அறிவுரையோடு நிற்பது நமக்குப் பழகிய வழக்கம். வழி காட்டுதல் நம் தொழில். அதனை விடுதல் இயலாது. ஆயினும் வழி காட்டத் தெரியாத வேளைகளும் வாழ்வில் வரும். அவ்வேளைகளில் வாய்மூடி, செவி திறந்து, உரிய வேலையைச் செவ்வனே செய்துகொண்டு உடன் செல்வோரும் வழித்துணையே ஆவர்.